அத்தை மகனோடு மோதி நாட்டை இழந்த 'சிங்கம்'

இடைக்கால ஜெர்மன் பிரபுக்களில் ஒருவரைப் பற்றி மட்டும் படிப்பதென்றால் யாரைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு 'சிங்கம்' என்று பட்டப்பெயர் பெற்ற ஹென்றிக்குத்தான்.

வெல்ஃப் வம்சத்தவர். 1142இல் சிறுவனாகவே சாக்சனியின் கோமகன் ஆனார். 1156இல் பவேரியாவும் கைக்கு வந்தது. அதைக் கொடுத்தவர் பேரரசர் ஃபிரெட்ரிக் பார்பரோசா, ஹென்றியின் சொந்த அத்தை மகன்.

ஆளைப் புரிந்துகொள்ள ஒரு பாலத்தின் கதை போதும். ஆல்ப்ஸ் பக்கமிருந்து வரும் உப்பு வண்டிகள் இசார் ஆற்றை ஃபோரிங் என்ற இடத்தில் கடக்கும். சுங்கம் ஃப்ரைசிங் பிஷப்புக்குப் போகும். ஹென்றி அந்தப் பாலத்தை இடித்துவிட்டு, சில கிலோமீட்டர் தெற்கே தன் எல்லையில் புதுப் பாலமும் சந்தையும் அமைத்தார். அந்தச் சந்தைதான் இன்றைய மியூனிக்! பிஷப் முறையிட, 1158இல் பார்பரோசா பஞ்சாயத்து செய்தார்: சந்தை புது இடத்திலேயே இருக்கட்டும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு பிஷப்புக்கு. பிஷப்பும் பேரரசருக்குச் சித்தப்பா முறை என்பதால், இது பாதி குடும்பப் பஞ்சாயத்து.

வடக்கே லூபெக் நகரை 1159இல் புதிதாக எழுப்பினார். 1168இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் மகள் மெட்டில்டாவை மணந்தார். பிரவுன்ஷ்வைக் கோட்டை முன் வெண்கலச் சிங்கம் ஒன்றையும் நிறுத்தினார். அடக்கம் அவருக்குத் தெரியாத சமாச்சாரம்.

சரிவு 1176இல். இத்தாலியப் போருக்குப் படை கேட்டு பார்பரோசா அவர் காலிலேயே விழுந்தார் என்கின்றன பிற்காலக் குறிப்புகள். அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஹென்றி பதிலுக்கு கோஸ்லர் வெள்ளிச் சுரங்கத்தைக் கேட்டாராம். படை போகவில்லை, லெக்னானோவில் பேரரசர் தோற்றார். அப்புறம் ஹென்றிமேல் மற்ற பிரபுக்கள் கொடுத்த புகார்கள் வழக்காயின. எந்த வாய்தாவுக்கும் அவர் போகவில்லை. என்னைக் கேட்டால், அவர் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். 1180இல் சாக்சனி துண்டாடப்பட்டது, பவேரியா விட்டல்ஸ்பாக் குடும்பத்துக்குப் போனது. 1182இல் மாமனார் வீட்டில் தஞ்சம். திரும்பி வந்து 1195இல் பிரவுன்ஷ்வைக்கில் இறந்தார்.

பாலச் சுங்கத்தில் அந்த மூன்றிலொரு பங்கு மட்டும் நிற்கவில்லை. பிஷப்புக்குப் பின் பவேரிய அரசுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1852இல்தான் மியூனிக் நகரம் 987 குல்டன் கட்டி அந்தக் கணக்கை முடித்தது.