வாசலில் மணக்காத வெறி

கேள்வி: கல்குடாப் பக்கம் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் முகாமையாளராக இருக்கிறேன். மூன்று ஸ்லைட், ஒரு சிறுவர் தடாகம், ஒரு ராட்டினம், இன்னும் சில சின்னச் சவாரிகள். மே மாதம் பிறந்தால் வான் வானாக ஆட்கள் வருவார்கள். அதில் ஒரு பகுதி வெறியோடு. வாசலில் செக்யூரிட்டி மணந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். ஆனாலும் பிற்பகலில் உள்ளே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அண்மையில் ஒருவர் ஸ்லைடில் தலைமுன்னாகச் சறுக்கி வந்து கீழே நின்ற ஒரு பிள்ளையின் முதுகில் மோதினார். முதலாளி, “பியர் லைசன் எடுத்து நாமே விற்றால் எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும், வருமானமும் வரும்” என்கிறார். இது சரிவருமா? வாசலில் வாங்கி வைக்கும் போத்தல்களைப் போகும்போது திருப்பிக் கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம், மட்டக்களப்பு)

பதில்: உங்கள் செக்யூரிட்டி வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். அவர் பார்க்கும் நேரம்தான் பிழை. வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்த சாராயம் இரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சாப்பிட்டிருந்தால் இன்னும் பிந்தும். வான் வந்து நின்றதும் தரிப்பிடத்திலேயே ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் குடித்துவிட்டு, வாயில் ஒரு பாக்கோ சூயிங்கமோ போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் டிக்கட் எடுப்பவர் வாசலில் நேராகத்தான் நிற்பார். அவர் உடுப்பு மாற்றி, வரிசையில் நின்று, ஸ்லைடின் படியில் ஏறும்போதுதான் அது தலைக்கேறும். ஆகவே நீங்கள் பிடிக்க வேண்டிய இடங்கள் இரண்டு: ஒன்று தரிப்பிடம், மற்றது ஸ்லைடின் உச்சி. வாசல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான்.

தரிப்பிடத்தில் இருந்து தொடங்குவோம். எந்தத் தரிப்பிடத்திலும் வாசலுக்குத் தூரத்தில், மரநிழலில் ஒரு மூலை இருக்கும். குறூப்பாக வரும் வான்கள் அங்கேதான் போய் நிற்கும். அந்த மூலையைப் பணியாளர்களின் மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டு, வான்களை டிக்கட் கூட்டுக்கு எதிரே, ஆட்கள் போய்வரும் பாதையில் நிறுத்துங்கள். ஒருவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை சும்மா நடந்து போய் வந்தால் போதும்; யாரையும் அதட்ட வேண்டியதில்லை. பின்கதவைத் திறந்து வைத்துப் பைட்ஸ் பார்சலைப் பிரிப்பவர்கள், ஆள் பார்க்கும் இடத்தில் அதிக நேரம் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது சோற்றுப் பார்சல். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டு வரக்கூடாது என்று உங்கள் பூங்காவிலும் பலகை இருக்கிறதா? அந்தப் பலகைதான் மத்தியானம் 1 மணிக்கு ஆட்களை வானுக்கு அனுப்புகிறது. சோறு தின்னப் போனவர்கள் சோற்றோடு மட்டும் திரும்பி வருவதில்லை. கண்டீனில் இரண்டு பார்சல் குறைவாக விற்றாலும் பரவாயில்லை, சாப்பாட்டையும் மூடி திறக்காத குடிபானங்களையும் உள்ளே விட்டு, நிழலில் மேசை போட்டுக் கொடுங்கள். வெளியே போய்த் திரும்பி வருபவர் முதல் தடவை வந்தவர் போலவே முழுச் சோதனையோடு வர வேண்டும். செக்யூரிட்டி சாப்பிடும் நேரம் 1 மணியாக இருக்கக்கூடாது. 11.30க்கோ 2.30க்கோ மாற்றுங்கள்.

போத்தல் சோதனையில் தவறவிடுவது சாராயப் போத்தலை அல்ல, ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை. மூடியின் கீழ் வளையம் உடைந்திருந்தால் அது திறந்த போத்தல். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விசாரிக்கத் தேவையில்லை. “மூடி திறந்தது எதுவும் உள்ளே போகாது” என்ற ஒரே விதி போதும். குழந்தையின் பால் போத்தலும் மருந்தும் மட்டும் விலக்கு. கண்ணாடி எதுவாக இருந்தாலும் வெளியே. ஒரு போத்தல் தடாகத்தில் விழுந்து உடைந்தால் தண்ணீருக்குள் துண்டு கண்ணுக்குத் தெரியாது. வலை போட்டு அள்ளி முடிக்கவும் இயலாது. தண்ணீர் முழுவதையும் இறக்கித்தான் ஆக வேண்டும். 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 60 சென்றிமீற்றர் ஆழமான சிறுவர் தடாகம் என்றால் 36,000 லீற்றர். 6,000 லீற்றர் பவுசரில் ஆறு தடவை. இந்தக் கணக்கை முதலாளிக்குச் சொல்லுங்கள், விதி தானாகவே இறுகும்.

தடாகத்தில் ஒருவர் சத்தி எடுத்தாலும் அதே அவசரம்தான், ஆனால் தண்ணீரை இறக்க வேண்டியதில்லை. எல்லோரையும் வெளியே எடுங்கள். அள்ளக்கூடியதை வலையால் அள்ளுங்கள். வக்கியூம் போடாதீர்கள், அழுக்கு குழாய்க்குள் போகும். குளோரினை 2 பிபிஎம்முக்கும் (லீற்றருக்கு 2 மில்லிகிராம்), தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்சை 7.5க்கு மேலே போகாமலும் கொண்டு வந்து, அந்த அளவில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அளந்து பார்த்துத் திறக்கலாம். வலையையும் அதே தண்ணீரில் ஊற வையுங்கள்.

இனி ஸ்லைடின் உச்சி. மல்லாந்து, கால் முன்னே, கை நெஞ்சில் குறுக்கே: இந்த நிலையில் இருப்பவர்தான் ஸ்லைட் கணக்குப் போட்ட வேகத்தில் இறங்குவார். வெறியில் இருப்பவர் பாதியில் எழும்பி உட்காருவார், காலை விரிப்பார், வேகம் குறையும், சில வேளை வளைவிலேயே நின்றுவிடுவார். பின்னால் வருபவர் அவர் மேல்தான் வந்து மோதுவார். தலைமுன்னாகப் போனால் அடி தனக்கும் கீழே நிற்பவருக்கும். நீங்கள் எழுதிய விபத்தில் பிழை மேலே ஒன்று, கீழே ஒன்று: இறங்கும் தொட்டி காலியாகாமல் அடுத்தவரை விட்டிருக்கிறார்கள். கீழே நிற்பவர் கை உயர்த்தினால்தான் மேலே உள்ளவர் ஆளை விட வேண்டும். தொட்டியில் தண்ணீர் இடுப்பளவுதான் என்று ஆறுதல் வேண்டாம். மூக்கில் தண்ணீர் ஏறிய வெறிகாரருக்கு எது மேல், எது கீழ் என்று பிடிபடாது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே எழும்ப மாட்டார்.

மேலே நிற்கும் பொடியனுக்கு ஒரு அதிகாரம் எழுத்தில் கொடுங்கள்: அவர் “இல்லை” என்றால் முகாமையாளர் வந்தும் அதை மாற்ற மாட்டார். நீங்கள் ஒருமுறை, “சரி, இந்த ஒரு தரம் விடு” என்று சொல்லிவிட்டால், பிறகு அவர் யாரையும் நிறுத்த மாட்டார். பார்க்க வேண்டியது மணத்தை அல்ல, உடம்பை. படி ஏறும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிக்கிறாரா, சொன்ன மாதிரிக் கையைக் குறுக்கே வைக்கிறாரா, “எத்தனை பேர் வந்தீங்க?” என்ற கேள்விக்குப் பதில் எப்படி வருகிறது. ஒரு எச்சரிக்கை: சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கினாலும் இதே குழறலும் தள்ளாட்டமும் வியர்வையும் வரும். வலிப்பு வந்து தெளிபவரும் இப்படித்தான் இருப்பார். “வருத்தம் ஏதும் இருக்கா? மருந்து எடுக்கிறீங்களா?” என்று கேட்காமல் யாரையும் வெறிகாரர் என்று முடிவு கட்டாதீர்கள்.

மறிக்கும்போது பேசுவது ஒருவர்தான். இரண்டாமவர் பக்கவாட்டில், இரண்டு கை தூரத்தில், பேசாமல் நிற்க வேண்டும். “நீங்க வெறியில இருக்கிறீங்க” என்ற வசனம் சண்டைக்குப் போடும் அழைப்பு. “அண்ணன், இன்டைக்கு இந்தச் சவாரி வேணாம். அந்த நிழல்ல கொஞ்சம் இருங்க, டிக்கட் காசை இப்பவே தாறன்” என்று சொல்லிக் காசைக் கையில் கொடுத்துவிடுங்கள். தகராறு பெரும்பாலும் சவாரிக்காக அல்ல, கட்டிய காசுக்காகவும் கூட்டாளிகள் முன்னால் போன மானத்துக்காகவும் வருவது. காத்தான்குடி, ஓட்டமாவடிப் பக்கத்து ஆள் என்று தெரிந்தால் “நானா” என்று கூப்பிடத் தெரிந்தவர் பேசட்டும். சிங்கள ஊர்களில் இருந்து பஸ்ஸில் வருபவர்களுக்குச் சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவர் சீசனில் கட்டாயம் வேண்டும். மொழி விளங்காத “இல்லை” அவமதிப்பாகவே போய்ச் சேரும். எந்தக் குறூப்பிலும் குடிக்காத ஒருவர் இருப்பார், அனேகமாக வான் சாரதி. அவரைப் பிடித்துப் பேசுங்கள், பாதி வேலை முடியும். உடம்பில் கை வைக்கக்கூடாது. உங்கள் செக்யூரிட்டிக்குப் பொலிஸ் அதிகாரம் இல்லை. இரண்டு தடவை சொல்லியும் கேட்காவிட்டால், அல்லது கை நீட்டினால், மூன்றாவது வார்த்தை பேசாமல் 119. குடித்துவிட்டுப் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 488ஆம் பிரிவின் கீழ் குற்றம்.

“வெளியே போ” என்று கேற்றுக்கு வெளியே தள்ளிவிடுவதோடு பொறுப்பு முடிந்தது என்று எண்ண வேண்டாம். உங்கள் இடத்தில் இருந்து வெளியே போனவர் இரண்டில் ஒன்று செய்வார்: மோட்டார் சைக்கிளை எடுப்பார், அல்லது பாசிக்குடாக் கடலுக்குப் போவார். திறப்பை நீங்கள் பறிக்க இயலாது, கூட்டாளி வாங்கலாம். ஓட்டோ பிடித்துக் கொடுங்கள். கேளாமல் வாகனத்தை எடுத்தால் இலக்கத் தகட்டைக் குறித்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். வாகனம் ஓட்டுபவருக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம்தான் சட்ட எல்லை.

நிழலில் படுத்துவிட்டவரை மல்லாத்தி விடாதீர்கள். ஒரு பக்கமாகச் சரித்து, மேல்காலை மடித்து, வாய் கீழ்நோக்கி இருக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தேசிக்காய்ப் புளி, மோர், கோப்பி, தலையில் தண்ணீர் எதுவும் வெறியை இறக்காது. விரலை விட்டுச் சத்தி எடுக்க வைப்பது ஆபத்து. கிள்ளியும் கண் திறக்காவிட்டால், நிமிடத்துக்கு எட்டுக்குக் குறைவாக மூச்சு விட்டால், உதடு நீலம் பாரித்தால், தலை எங்காவது அடிபட்டிருந்தால் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இப்போது முதலாளியின் பியர் லைசன். தண்ணீர் விளையாட்டு இருக்கும் இடத்துக்கு வேண்டாம் என்பதே பதில். “பியர்தானே” என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 33.5 வீதச் சாராயம் கால் போத்தலில், அதாவது 180 மில்லிலீற்றரில், ஏறத்தாழ 48 கிராம் மதுசாரம் இருக்கிறது. 8.8 வீத ஸ்ட்ராங் பியர் 625 மில்லிலீற்றர் போத்தலில் 43 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை. ஈரல் ஒரு மணிக்கு எரிப்பது 7 முதல் 10 கிராம் வரைதான். மத்தியானம் ஒரு போத்தல் குடித்தவர் நீங்கள் கேற் பூட்டும் நேரத்திலும் தெளிந்திருக்க மாட்டார். மேலும், வெளியே குடித்து வருபவர்கள் காசு மிச்சம் பிடிக்கத்தான் வானில் குடிக்கிறார்கள். நீங்கள் விற்கத் தொடங்கினால் அவர்கள் வானிலும் குடிப்பார்கள், உங்களிடமும் வாங்குவார்கள்.

சட்டமும் இலகுவானதல்ல. மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. உங்கள் ஸ்லைடில் ஏறுபவர்களில் எத்தனை பேர் 21ஐத் தாண்டியவர்கள்? மதுபான விளம்பரத்தையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. போயா நாளில் விற்பனை இல்லை. அன்றுதான் உங்களுக்குக் கூட்டம், அவர்களோ முதல் நாளே வாங்கிக் கூல் பொக்ஸில் வைத்திருப்பார்கள். இவை எல்லாவற்றையும் விட ஒரு கணக்கு: ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடி முஸ்லிம் குடும்பங்களும், பாடசாலைச் சுற்றுலாக்களும், அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளும் பியர் விற்கும் இடத்துக்கு வருவார்களா? வார நாட்களில் உங்களுக்குச் சோறு போடுவது அவர்கள்தான்.

பெரிய பூங்காக்களைக் காட்டி முதலாளி வாதிடலாம். புளோரிடாவின் மெஜிக் கிங்டம் 1971இல் திறந்து 2012 வரை மது விற்கவில்லை. விற்கத் தொடங்கியதும் ஒரு உணவகத்தில், சாப்பாட்டோடு, வைனும் பியரும் மட்டும். பாரிஸ் டிஸ்னி 1992இல் மதுவில்லாமல் திறந்து அடுத்த ஆண்டே மாற்றிக்கொண்டது. ஆனால் அங்கே சாப்பாட்டுக்கு ஒரு கிளாஸ் வைன் என்பது ஊர்ப் பழக்கம். இங்கே போத்தல் திறந்தால் முடியும் வரை மூடுவதில்லை.

அப்படியும் அவர் பிடிவாதம் பிடித்தால், ஒரு வழிப் பாதையாக மட்டும் செய்யுங்கள். பியர் இடம் வேலி போட்டு, வெளியேறும் வாசல் பக்கம் இருக்க வேண்டும். தண்ணீருக்கும் சவாரிக்கும் கையில் ஒரு பட்டி கட்டுங்கள். பியர் இடத்துக்குள் போகிறவர் அந்தப் பட்டியை வாசலிலேயே வெட்டிக் கொடுத்துவிட வேண்டும். திரும்பத் தண்ணீருக்கு வழி இல்லை. 330 மில்லிலீற்றர் லாகர் மட்டும், கடதாசிக் கோப்பையில் ஊற்றி, ஆளுக்கு ஒரு தடவையில் ஒன்று. ஸ்ட்ராங் வேண்டாம். பூட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னே விற்பனை நிற்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, “இப்படி விற்றால் என்ன லாபம்?” என்று அவர் கேட்பார். அதுதான் நீங்கள் எதிர்பார்க்கும் கேள்வி.

குறூப்பாக வருபவர்களிடம் விதியை வாசலில் சொல்வது பிந்திப்போன வேலை. ஃபோனில் முற்பணம் கேட்கும்போதே சொல்லி, பற்றுச்சீட்டில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, பொறுப்பாளரின் பெயரையும் ஃபோன் இலக்கத்தையும் வாங்குங்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் அன்றே பதிவேட்டில் எழுதுங்கள். “வெறியில் இருந்தார்” என்றல்ல, “3.10க்கு இரண்டாவது ஸ்லைட் படியில் இரு தடவை விழுந்தார், கையைக் குறுக்கே வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை” என்று, பார்த்தவர் பெயரோடு. கமெராப் பதிவை அன்றே வேறாக எடுத்து வையுங்கள். காப்புறுதிக்காரர் கேட்பது அதைத்தான்.

போத்தலை வாங்கி வைப்பதை இந்த ஞாயிறோடு நிறுத்துங்கள். லைசன் இல்லாத ஒரு இடத்தில் டிக்கட் மேசைக்குக் கீழே சாராயம் அடுக்கி வைத்திருப்பது மதுவரிக்காரருக்கு விளங்கப்படுத்தக் கூடிய காட்சி அல்ல. அதோடு மாலை 5 மணிக்கு, வண்டியில் ஏறப் போகும் ஒருவரின் கையில் நீங்களே அதைக் கொடுக்கிறீர்கள். “வாகனத்தில வெச்சுப் பூட்டிட்டு வாங்க, இடத்தைப் பிடிச்சு வெக்கிறன்” என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். வானை வாசலுக்கு எதிரே நிறுத்தியிருந்தால், அவர் அதை வைக்கிறாரா குடிக்கிறாரா என்று டிக்கட் கூட்டில் இருந்தே தெரியும்.