மே மாதம் அடகு, தீபாவளிக்கு மீட்பு: இந்தச் சுற்று எப்போது நிற்கும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 41. கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 72,000. ஒவ்வொரு மே மாதமும் மனைவியின் 3 பவுன் செயினையும் 2 பவுன் வளையலையும் வங்கியில் அடகு வைத்துத்தான் கட்டுகிறேன். தீபாவளி போனஸ் 50,000 வந்ததும், கம்பெனியில் 25,000 அட்வான்ஸ் வாங்கிச் சேர்த்து நகையை மீட்பேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை மாதம் 5,000 வீதம் அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வார்கள். மறுபடி மே வந்துவிடும். நடுவில் பிப்ரவரியில் வரிச் சேமிப்புக்கு பாலிசி (ஏஜென்ட் என் ஒன்றுவிட்ட அண்ணன், முகத்தை முறிக்க முடியாது), சித்திரையில் அட்சய திருதியைக்கு ஒரு கிராம் காசு. தீபாவளிச் செலவுக்கு மட்டும் மாதம் 1,000 சீட்டு கட்டுகிறேன். நான்கு வருடமாக இதே கதை. வட்டியை நினைத்தாலே கவலையாக இருக்கிறது. ஒவ்வொரு தையிலும் 'இந்த வருஷம் மாத்திடணும்' என்று நினைப்பதோடு சரி. மனைவியின் தையல் கூலியையும் சேர்த்து, புது பாலிசிக்காக 34,000 எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு அடகு ரசீதுகளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 2022 மே 27, 2023 மே 30, 2024 மே 29, 2025 மே 28. முதல் ரசீதில் நகையின் எடை 40.200 கிராம், கடைசி ரசீதில் 40.150. போட்டுக் கழற்றியதில் 50 மில்லி தேய்ந்திருக்கிறது. மே கடைசி வாரம் மட்டும் அசையவே இல்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் அப்பாவின் ஞாபகம் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று மா நிலம். ஆடியில் அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகும்; சம்பா அறுத்து, நெல் போட்டு, பணம் கைக்கு வந்ததும் மாசி வாக்கில் திரும்பி வரும். அதில் ஒரு நியாயம் இருந்தது. அவருக்கு வருமானமே வருடத்துக்கு ஒரு தடவைதான். வாங்கின கடன் விதையாகவும் உரமாகவும் மண்ணுக்குள் போய் நெல்லாகத் திரும்பி வந்தது. உங்களுக்கு வருடத்தில் 12 முறை சம்பளம் வருகிறது. ஆனால் கடன் வாங்குவது மட்டும் எங்கள் அப்பாவின் பஞ்சாங்கப்படி நடக்கிறது. உங்கள் வீட்டில் பருவ வருமானம் என்றால் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை மனைவிக்கு வரும் தையல் கூலி ஒன்றுதான். அதுவும் பாலிசிக்குப் போய்விடுகிறது.

வட்டியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ரசீதில் 12% என்று இருக்கிறது. 72,000 ரூபாய்க்கு ஐந்து மாதத்துக்கு 3,600. வலிக்கும்தான், ஆனால் குடும்பத்தைக் கவிழ்க்கிற தொகை இல்லை. உண்மையான நஷ்டம், போனஸ் கைக்கு வருவதற்கு ஐந்து மாதம் முன்பே செலவாகிவிடுவது. போதாததற்கு அட்வான்ஸ் வேறு. அதனால் அடுத்த மேக்குச் சேர்க்க வேண்டிய ஐந்து மாதச் சம்பளப் பகுதி போன மேயின் கடனுக்குப் போகிறது. பின்னாலேயே கட்டிக்கொண்டு வருகிறீர்கள். ஒரே ஒரு தடவை முன்னால் போய்விட்டால் போதும்.

நீங்கள் கவனிக்காத ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஐந்து மாதம், மாதம் 5,000 பிடித்தும் குடும்பம் ஓடுகிறது. அப்படியென்றால் மீதி ஏழு மாதமும் அதே 5,000 இல்லாமல் ஓடும். ஏப்ரலில் பிடித்தம் நின்றதும் சம்பளம் கூடின மாதிரி தோன்றும். அந்தத் தோற்றம் ஆடித் தள்ளுபடிக்குள் கரைந்துவிடும். ஏப்ரல் சம்பளத்திலிருந்தே அந்த 5,000 தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கையில் இருக்கும் 34,000-இல் 10,000-ஐ ஒரு காரியத்துக்காக ஒதுக்குங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன். மீதி 24,000. ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் 10,000. ஆக, இந்த மேயில் 34,000 தயாராக இருக்கும். 38,000-க்கு மட்டும் அடகு வைத்தால் போதும். இன்றைய தங்க விலையில் அதற்கு வளையல் தாராளம். செயின் இந்த வருடமே வீட்டில் இருக்கும்.

வங்கிக் கவுன்டரில் ஒரு சோதனை வரும். 'சார், இந்த வளையலுக்கே இன்னும் நிறையக் கிடைக்கும், போட்டுடலாமா?' என்பார்கள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, 2026 ஏப்ரலிலிருந்து 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. 38,000 என்று எழுதிக் கொண்டுபோய் அதையே வாங்குங்கள். பள்ளியில் கட்டணத்தைத் தவணையாக வாங்குவார்களா என்றும் ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டால் அடகுத் தொகை இன்னும் குறையும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை 25,000 சேரும். தீபாவளிக்கு போனஸ் 50,000. மொத்தம் 75,000. வட்டி 1,900 சேர்த்து வளையலை மீட்க 39,900 ஆகும். அட்வான்ஸ் கேட்காமலே நகை வீட்டுக்கு வந்துவிடும், 35,100 மிஞ்சும். அதைத் தொடாமல், நவம்பரிலிருந்து அடுத்த மே வரை ஏழு மாதத்துக்கு 35,000 சேர்த்தால் 70,100. 72,000-க்கு இன்னும் 1,900 தான் குறையும், அதைச் சமாளித்துவிடலாம். 2027 மே கடைசி வாரத்தில் அந்த வங்கிப் பக்கம் நீங்கள் போக வேண்டியிருக்காது.

இந்த நவம்பர்–மே சேமிப்புக்கு வங்கியில் ஆறு மாத ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடலாம். பல வங்கிகளில் குறைந்தபட்சக் காலமே அதுதான். அஞ்சலக ஆர்டி நல்ல திட்டம்தான், ஆனால் அது 5 வருடத்துக்கானது. பள்ளிக் கட்டணத்துக்கு ஒத்துவராது. தீபாவளிச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாங்கிரிக்கு 12 மாதம் முன்பே பணம் கட்டத் தெரிந்த நமக்குப் பள்ளிக்கூடத்துக்கு அப்படிக் கட்டத் தோன்றுவதில்லை, பாருங்கள். சீட்டு யாரிடம் கட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்தவர் என்ற நம்பிக்கை மட்டும்தான் என்றால், இந்த வருடத்தோடு முடித்துக்கொண்டு அந்த 1,000-ஐயும் ஆர்டியில் போடுங்கள்.

ஒரு கிராம் காசு: சித்திரையில் 3% ஜிஎஸ்டியும் செய்கூலியும் கொடுத்து ஒரு கிராம் வாங்கி, சில வாரத்திலேயே 40 கிராமைக் கொண்டுபோய் அடகு வைக்கிறீர்கள். இந்த வருடம் ஒரு பாக்கெட் உப்பும் மஞ்சளும் வாங்குங்கள். அதுவும் அன்றைக்கு மங்கலம்தான். அந்தக் காசுப் பணத்தில் அடகுத் தொகையை இன்னும் குறைக்கலாம்.

இனி பாலிசி. உங்கள் சம்பளமும் போனஸும் சேர்ந்தால் வருடத்துக்கு ஐந்தரை லட்சம்தான். 2023-24 முதல் புதிய வரி முறைதான் இயல்பாகப் பொருந்துகிறது; நீங்கள் வேறு எதையும் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. 2025-26-க்கு அந்த முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவோடு 12.75 லட்சம் வரை. பாலிசி பிரீமியத்துக்குக் கிடைக்கும் 80சி கழிவு அதில் கிடையவே கிடையாது. வரியே இல்லாத இடத்தில் எந்த வரியைச் சேமிக்க இந்த 34,000? பிப்ரவரி வந்தால் பாலிசி என்பது பழைய முறையோடு வந்த பழக்கம். வரி போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. ஏற்கெனவே இருக்கும் பாலிசிகளைக் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். இன்று சரண்டர் செய்தால் (பாலிசியை முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டால்) எவ்வளவு, பிரீமியம் நிறுத்தி பெய்ட்-அப் ஆக்கினால் (குறைந்த தொகைக்கு பாலிசியை அப்படியே தொடரவிட்டால்) எவ்வளவு, முதிர்வு எப்போது என்று மூன்றையும் கிளையில் எழுத்தில் வாங்கி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஒதுக்கச் சொன்ன 10,000 டேர்ம் பாலிசிக்கு, அதாவது சேமிப்பு கலக்காமல் உயிருக்கு மட்டும் காப்பு தரும் பாலிசிக்கு. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இப்போதிருக்கும் பாலிசிகள் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்கப் போதாது. வயது, உடல்நிலையைப் பொறுத்து பிரீமியம் மாறும். கூட வந்தால் அடகுத் தொகையில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

ஏஜென்ட் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன், முகத்தை முறிக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். முறிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் காபி கொடுத்து, 'அண்ணா, டேர்ம் பாலிசி மட்டும் போட்டுக் குடுங்க' என்று அவரிடமே கேளுங்கள்.