கூரையைப் பழுதுபார்க்க இஸ்ரேலிலிருந்து பணம் வாங்கலாமா?

கேள்வி: மகாராஷ்டிரத்தின் அலிபாக் வட்டாரத்தில் உள்ள பெனே இஸ்ரேல் யூதர்களின் சிறிய ஜெபாலயம் ஒன்றுக்கு மும்பையிலிருந்து கணக்கு எழுதித் தருகிறேன். அறக்கட்டளையாகப் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆகின்றன, ஆனால் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை. ஒழுகும் கூரையைச் சீரமைக்க, இஸ்ரேலில் குடியேறிவிட்ட பழைய குடும்பங்கள் பணம் அனுப்ப விரும்புகின்றன. பதிவுள்ள வேறொரு தொண்டு நிறுவனத்தின் கணக்கில் பணத்தை வரவழைத்து, பத்து விழுக்காடு கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 7-ஆம் பிரிவு திருத்தப்பட்டதிலிருந்து, வெளிநாட்டு நன்கொடை பெற்ற நிறுவனம் அதை வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது. அதற்கு முன் பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிச் சிறியவற்றுக்குப் பகிர்ந்து கொடுத்து வந்தன. பதிவுள்ள நிறுவனங்களுக்கிடையே அது சட்டப்படியே நடந்தது. மூடிப்போன அந்தக் கதவுக்குத்தான் உங்கள் நண்பர் இன்னும் சாவி விற்கிறார். மாட்டிக்கொண்டால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அப்போது கையெழுத்திட்ட அறங்காவலர்கள்தான் நிற்பார்கள், பத்து விழுக்காட்டுக்காரர் நிற்கமாட்டார்.

அவர் அடுத்தபடியாக, "பதிவையே வாங்கித் தருகிறேன், டெல்லியில் ஆள் இருக்கிறது" என்பார். 2022 மே மாதத்தில் சி.பி.ஐ. நாடெங்கும் சோதனை நடத்தி, இப்படி ஆள் வைத்திருந்த இடைத்தரகர்களையும் உள்துறை அமைச்சக அலுவலர்கள் சிலரையும் லஞ்ச வழக்கில் கைது செய்ததை அவருக்கு நினைவூட்டுங்கள். மேலும், வழக்கமான பதிவுக்கு நிறுவனம் மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும் என்பதோடு, கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கங்களுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும். சனிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்குத் தேவையான பத்து ஆண்களைச் சேர்ப்பதற்கே பாடுபடும் கொங்கண் கிராம ஜெபாலயம் அந்தத் தொகைக்கு எங்கே போகும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி, பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சட்டம் பார்ப்பது மதத்தையோ பூர்வீகத்தையோ அன்று, குடியுரிமையை மட்டுமே. அலிபாக்கில் பிறந்து, இன்று இஸ்ரேலியக் கடவுச்சீட்டுடன் அங்குள்ள அஷ்தோத் நகரில் வாழும் அண்ணன், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் வெளிநாட்டவரே. அவர் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பே. இந்தியக் கடவுச்சீட்டை விடாமல் துபாயில் வேலை பார்க்கும் தம்பி, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பில் சேராது; அதை ஜெபாலயத்தின் வழக்கமான கணக்கிலேயே வாங்கலாம். ஆனால் அவருடைய கடவுச்சீட்டு நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பணம் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். அண்ணன் தம்பிக்கு அனுப்பி, தம்பி தன் பெயரில் உங்களுக்கு அனுப்பினால் அது அண்ணனின் பணம்தான். அஷ்தோத், திமோனா போன்ற இஸ்ரேலிய ஊர்களில் வசூலித்து ஒரே இந்தியக் குடிமகன் பெயரில் அனுப்புவதும் அப்படியே. இந்த விலக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், நேர்மையான குழுக்கள் இதை நம்பித்தான் இடறி விழுகின்றன.

ரூபாயாகக் கொடுத்தால் தப்பு இல்லை என்பதும் பொய். பெனே இஸ்ரேல் யூதர்களின் நன்றிச் சடங்கான மலிதாவுக்காக இஸ்ரேலிலிருந்து வரும் உறவினர் உண்டியலில் போடும் ரூபாய் நோட்டும் வெளிநாட்டவர் கொடுத்த பணமே.

உங்களுக்கு உள்ள நேரான வழி, உள்துறை அமைச்சகம் தரும் 'முன் அனுமதி'. இது குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட பணி, குறிப்பிட்ட தொகை ஆகியவற்றுக்கு மட்டும் தரப்படுவது. ஆகவே நாற்பது குடும்பங்கள் தனித்தனியாக அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. அவர்கள் அங்கே 'அமுத்தா' எனப்படும் பதிவுபெற்ற சங்கம் ஒன்றின் வழியாகத் திரட்டி, அந்தச் சங்கத்தின் பெயரில் தொகையையும் கூரைப் பணியையும் குறிப்பிட்ட ஒரே உறுதிக் கடிதம் தரட்டும். அதனுடன் பொறியாளரின் மதிப்பீட்டை இணைத்து, எஃப்.சி.-3பி படிவத்தில் இணையவழி விண்ணப்பியுங்கள். பணம் டெல்லி சன்சத் மார்க்கிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். அலிபாக்கில் கூரை ஒழுகுவதற்கு டெல்லியில் ஏன் கணக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். அனுமதி கிடைக்கும் முன் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். கிடைத்த பின், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 கணக்கைத் தாக்கல் செய்யத் தவறாதீர்கள்.

இந்த அனுமதி அடுத்த மழைக்குள் வரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். உள்நாட்டுப் பணத்துக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. மும்பையில் 1884-இல் கட்டப்பட்ட கெனேசெத் எலியாகூ ஜெபாலயம் 2019-இல் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டதற்கு ஜே.எஸ்.டபிள்யூ. தொழில் குழுமத்தின் அறக்கட்டளை செய்த உதவியும் ஒரு காரணம். ஒழுகும் பகுதிக்கான ஓட்டுச் செலவை மட்டும் தனி மதிப்பீடாக எழுதி, மும்பையிலுள்ள சமூக அறக்கட்டளைகளிடம் இந்த மாதமே கேளுங்கள். மீதி வேலையை டெல்லியின் பதிலுக்காக வையுங்கள்.