எஃகின் விலையில் கார்பனுக்கு எவ்வளவு பங்கு?

கேள்வி: எங்கள் லேத் பட்டறையில் ஷாஃப்ட் கடைவதற்கு எம்.எஸ். (மென் எஃகு) ரவுண்டு கம்பியும் இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பியும் வாங்குகிறோம். இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு கார்பன் அளவுதான் என்கிறார்கள். கார்பன் என்பது கரிதானே? துளி கரி கூடியதற்கு விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கார்பனுக்காக நீங்கள் காசு கொடுப்பதில்லை. ஊதுலையில் கோக் கரியோடு சேர்ந்து உருகி வரும் இரும்பில் ஏறத்தாழ 4 சதவீதம் கார்பன் ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஆக்சிஜனை ஊதி அதை எரித்து வெளியேற்றுவதே எஃகு ஆக்கும் வேலையின் பெரும்பகுதி. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952-இல் தொழில்முறையாகத் தொடங்கிய இந்த ஆக்சிஜன் முறைதான் இன்று உலகின் பெரும்பாலான எஃகைத் தருகிறது. கார் உடலுக்கான தகடு போன்றவற்றில் கார்பனை 0.005 சதவீதத்துக்கும் கீழே இறக்க வேண்டியிருப்பதால், உருகிய எஃகை வெற்றிடத்தில் வைத்து மேலும் சுத்திகரிக்கிறார்கள். அங்கே கார்பன் குறையக் குறையச் செலவு கூடுகிறது.

இ.என்.8 விலை ஏறுவதற்குக் காரணம் வேறு. எம்.எஸ். எனப்படும் மென் எஃகில் கார்பன் 0.25 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் போதும். பழைய இரும்பை உருக்கி உருட்டும் சிறு ஆலைகள்கூட அதைப் பெருமளவில் தயாரித்துவிடுகின்றன. இ.என்.8-இல் கார்பன் 0.40 சதவீதத்தை ஒட்டிய குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். மாங்கனீசு அளவு குறித்தபடி இருக்க வேண்டும். கந்தகமும் பாஸ்பரஸும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை உருக்கி எடுக்கும் எஃகுக்கும் சோதனைச் சான்று தர வேண்டும். விற்பனை அளவும் குறைவு என்பதால் இந்தச் செலவெல்லாம் கிலோ விலையில் வந்து சேர்கிறது.

அந்த 0.40 சதவீதத்தால் கிடைப்பது என்ன? செந்தணலாகக் காய்ந்த இரும்பு, தன் அணுக்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் கார்பனை ஏற்றுக்கொள்ளும். மெதுவாக ஆறினால் அந்தக் கார்பன் வெளியேறி, இரும்புக் கார்பைடு என்னும் கடினமான மெல்லிய அடுக்குகளாகப் படியும். கட்டுமானத்துக்கான சாதாரண மென் எஃகின் இழுவலிமை குறைந்தது 410 மெகாபாஸ்கல் என்றால், இ.என்.8-க்கு அது 550 அளவில் நிற்பது இந்த அடுக்குகளால்தான். அதே எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று தோய்த்தால், வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொண்ட கார்பன் இரும்பின் அமைப்பையே இறுக்கி, அரம் ஏறாத அளவுக்குக் கடினமாக்கிவிடும். மென் எஃகை எத்தனை முறை தோய்த்தாலும் இந்தக் கடினம் வராது. சிக்குவதற்கு அதில் போதிய கார்பன் இல்லை.

இதற்கு ஈடாக வளைந்து கொடுக்கும் தன்மை குறைகிறது. வெல்டிங் செய்யும்போது பற்றுக்குப் பக்கத்துப் பகுதி விரைவாக ஆறி, மேலே சொன்ன கடினநிலையை அடைந்து விரிசல் விடக்கூடும். எனவே முன்சூடேற்றமும், உலர்த்திய குறை ஹைட்ரஜன் எலக்ட்ரோடும் தேவைப்படுகின்றன. கடைசல் டூலும் சற்று விரைவாகத் தேயும். கிலோ விலையை மட்டும் ஒப்பிடாமல் இவற்றையும் கூட்டிப் பாருங்கள். முறுக்குவிசை தாங்கும், சாவிப்பள்ளம் வெட்டிய ஷாஃப்டுக்கு இ.என்.8 நிச்சயம் தகும். சுமை அதிகம் வராத, வெல்டிங் செய்ய வேண்டிய தாங்கு சட்டத்துக்கு எம்.எஸ். தான் சரி.

கேள்வி: வீடு கட்டும் கான்கிரீட்டுக்கு எஃப்.இ. 500, 500டி என இரு வகை டி.எம்.டி. கம்பிகளைச் சொல்கிறார்கள். டி வகை கொஞ்சம் விலை கூடுதல். அதில் கார்பன் அதிகமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: நேர்மாறு. ஐ.எஸ். 1786 என்னும் இந்தியத் தரநிலைப்படி எஃப்.இ. 500-இல் கார்பன் 0.30 சதவீதம் வரை இருக்கலாம், 500டி-இல் 0.25-ஐத் தாண்டக்கூடாது. கந்தகம், பாஸ்பரஸ் வரம்புகளும் டி வகையில் இறுக்கமானவை. டி.எம்.டி. கம்பியின் வலிமை பெரிதும் உருட்டி முடித்தவுடன் அதன் மேல்புறத்தை நீர் பாய்ச்சி ஆற்றுவதால் வருகிறது. உள்புறம் மென்மையாகவே இருக்கும். நிலநடுக்கத்தில் கம்பி ஒடியாமல் நீள வேண்டும் என்பதால், சிறிது கூடுதல் விலை கொடுத்தாலும் டி வகையையே வாங்கச் சொல்வேன்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் வாங்கும் துண்டில் கார்பன் எவ்வளவு என்பதை ஆய்வகம் போகாமல் அறிய முடியுமா?
— ஒரு வாசகர், சிவகாசி

பதில்: தோராயமாக முடியும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, வெளிச்சம் குறைவான இடத்தில் கிரைண்டர் சக்கரத்தில் துண்டை லேசாக அழுத்துங்கள். மென் எஃகு, நீண்ட மஞ்சள் கோடுகளாகப் பொறி விடும். நுனியில் ஓரிரண்டு கிளைகளே பிரியும். லாரி வில்பட்டையைப் போலக் கார்பன் மிகுந்த எஃகில் கோடுகள் குறுகி, மத்தாப்பைப் போல நெருக்கமாக வெடித்துச் சிதறும். தரம் தெரிந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாறி மாறித் தீட்டினால் வேறுபாடு தெளிவாகும். ஆனால் வெட்டும் டூல்களுக்கான, டங்ஸ்டன் கலந்த ஹை ஸ்பீடு எஃகில் கார்பன் மிகுந்திருந்தாலும் பொறி மங்கிய சிவப்பாகவே வரும். ஆகவே பாரம் தாங்கும் உறுப்புக்கு இந்தச் சோதனையை நம்பாமல், எஃகில் கலந்துள்ள தனிமங்களின் அளவைக் காட்டும் ஸ்பெக்ட்ரோ ஆய்வு செய்து தரும் ஆய்வகத்துக்கு ஒரு சிறு துண்டை அனுப்பிவிடுங்கள்.