வாடகை வீட்டில் முயல் வளர்க்கலாமா? திருகோணமலை வெயிலுக்கு அது தாங்குமா?

கேள்வி: நாங்கள் பாலையூற்றில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தரம் 6 படிக்கும் மகள் ஒரு செல்லப்பிராணி வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறாள். வீட்டுக்காரர் நாய் வளர்க்க விடமாட்டார். பூனை என்றால் என் கணவருக்குத் தும்மல் வந்துவிடும். நாங்கள் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். முயல் வாங்கலாம் என்று யோசித்தோம். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா, "முயல் நாறும், இந்த வெயிலுக்கு நிற்காது, இரண்டு மாதத்தில் செத்துப்போகும், பிறகு பிள்ளைதான் அழும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் சகோதரி. ஆனால் முற்றத்தில் கூடு அடித்து வைத்து வளர்ப்பதென்றால் வேண்டாம். வீட்டுக்குள்ளே, நீங்கள் நடமாடும் தரையிலேயே அதுவும் நடமாட இடம் கொடுப்பதென்றால் தாராளமாக வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் வாங்கும் முயல்களில் பல ஒரு வருடத்தைக் காண்பதில்லை. ஒழுங்காக வளர்த்தால் வீட்டு முயல் 8 முதல் 12 வருடம் வரை இருக்கும். உங்கள் மகள் உயர்தரம் முடிக்கும்போதும் அது வீட்டில் ஓடித் திரியவேண்டும். அப்படி இருக்கவேண்டிய உயிர் ஏன் இரண்டு மாதத்தில் போகிறது என்றால், பெரும்பாலும் மூன்று காரணம்தான். தாயிடம் பால் மறக்க முதலே குட்டியை விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர்கள் கரட்டும் கோவாவும் பாணும் கொடுக்கிறார்கள். கூட்டைத் தகரத்துக்குக் கீழே வைக்கிறார்கள். மூன்றுமே நம் கையில் இருக்கிற விடயங்கள்.

முதலில் வெயில், ஏனென்றால் திருகோணமலையில் அதுதான் பெரிய கேள்வி. வீட்டு முயலின் மூதாதைகள் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து மண்ணில் குழி தோண்டி வாழ்ந்தவை. வெளியே வெயில் கொளுத்தினாலும் குழிக்குள் குளிர்ச்சி. அதனால் அதன் உடம்பு குளிரைத் தாங்கும் அளவுக்குச் சூட்டைத் தாங்காது. நமக்கு வேர்ப்பது போல அதற்கு வேர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்றப் பெரிதும் அந்த நீண்ட காதுகளைத்தான் நம்பியிருக்கிறது. காதில் ஓடும் இரத்தம் காற்றுப் பட்டு ஆறவேண்டும். காற்றே சூடாக இருந்தால் எப்படி ஆறும்? வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை நமக்குக் கச்சான் காற்று அடிக்கிறது. மத்தியானத்தில் 35 பாகை செல்சியஸ் வருவது சாதாரணம். முயலுக்கு 28, 30 பாகையைத் தாண்டினாலே கஷ்டம் தொடங்கிவிடும். முற்றத்துக் கூடு வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வீட்டுக்குள் அப்படியில்லை. சீமெந்துத் தரை, மாபிள் தரை, கட்டிலுக்குக் கீழே இருட்டான இடம், இவையெல்லாம் அதற்குக் குழி மாதிரியே உதவும். எந்த அறை மத்தியானத்தில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று கையைத் தரையில் வைத்துப் பார்த்து, அங்கே இடம் ஒதுக்குங்கள். மேலே சீற் போட்டு, சீலிங் அடிக்காத அறை என்றால் அது சரிவராது. கச்சான் நாட்களில் வேலைக்குப் போகும்போது, முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்த ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை ஒரு துவாயில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். தேவைப்பட்டால் அதுவே வந்து சாய்ந்து படுக்கும். மின்விசிறி காற்றை ஓட்டும், ஆனால் வேர்க்காத உடம்புக்கு அது மட்டும் போதாது. மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. போத்தலும் குளிர்ந்த தரையும் மின்சாரத்தை நம்பியிருக்காது.

சூடு தாங்காமல் போனதை எப்படி அறிவது? காது தொட்டால் கொதிக்கும், உள்பக்கம் சிவந்திருக்கும். மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வேகமாக வாங்கும். வாயோரம் நனைந்திருக்கும். கூப்பிட்டாலும் எழும்பாமல் நீட்டிப் படுத்திருக்கும். உடனே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், சாதாரண தண்ணீரில் நனைத்த துணியால் காதைத் துடைத்துத் துடைத்து விடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக்கூடாது, அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடலாம். துடைத்துக்கொண்டே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சரி, நாற்றத்துக்கு வருவோம். முயலின் உடம்பு நாறாது. பூனையைப் போலத் தன்னைத்தானே நக்கித் துப்பரவாக வைத்திருக்கும், குளிப்பாட்டவே தேவையில்லை, குளிப்பாட்டவும் கூடாது. காய்ந்த புழுக்கையிலும் மணம் பெரிதாக இல்லை. நாறுவது சிறுநீர்தான், அதுவும் நாள்கணக்கில் தேங்கினால். ஆனால் முயல் தானாகவே ஒரு மூலையைத் தெரிந்தெடுத்து அங்கேயே பெய்யும் பிராணி. அது எந்த மூலை என்று இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு, உயரம் குறைந்த ஒரு பிளாஸ்ரிக் பேசினில் பழைய பத்திரிகைத் தாள் விரித்து, மேலே காய்ந்த புல் போட்டு, அதே மூலையில் வையுங்கள். தின்னும் புல்லையும் பேசினுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முயலுக்குத் தின்றுகொண்டே புழுக்கை போடுகிற பழக்கம், அந்தப் பழக்கத்தையே நமக்கு வசதியாக்கிக்கொள்ளலாம். தாளை ஒவ்வொரு நாளும் மாற்றினால் வீட்டுக்காரர் வந்து ஹோலில் இருந்தாலும் முயல் இருப்பது மூக்குக்குத் தெரியாது. பேசினில் வெள்ளையாகப் படியும் கறையை வினாகிரி ஊற்றி ஊறவைத்தால் கழன்றுவிடும். இன்னொன்று, சிறுநீர் சில நாள் தோடம்பழ நிறத்தில், சில நாள் சிவப்பாகக்கூட இருக்கும். தின்ற இலையைப் பொறுத்து நிறம் மாறும். இரத்தம் என்று பயந்து ஓடிவருகிறவர்கள் பலர். முயல் முக்கிக்கொண்டு கஷ்டப்பட்டுப் பெய்தால், அல்லது சிவப்பு கட்டி கட்டியாகத் தெரிந்தால்தான் பயப்படவேண்டும்.

சாப்பாடு விடயத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், முயலின் ஆயுளே இதில்தான் இருக்கிறது. அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்கவேண்டும். எந்த நேரம் பார்த்தாலும் முன்னால் புல் கிடக்கவேண்டும். முயலின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வளரும், ஒரு வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 10 சென்றிமீற்றரைத் தாண்டும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். கரட், பாண், பிஸ்கட், சோறு எல்லாம் இரண்டு கடியில் முடிந்துவிடும், பல் தேயாது. கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் கிழிக்கும், முயல் பட்டினி கிடக்கும். வயிறும் அப்படித்தான். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் முயலின் குடல் அசையும். மாவும் சீனியும் போனால் குடல் நின்று வாயு கட்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான்.

இன்னொரு காட்சியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மகள் பார்த்துவிட்டு அருவருக்கக்கூடாது. விடியற்காலையில் முயல் குனிந்து, தன் பின்பக்கத்தில் வாய் வைத்து எதையோ எடுத்து மெல்லாமல் விழுங்கும். அது சாதாரணப் புழுக்கை அல்ல. குட்டித் திராட்சைக் குலை போல ஒட்டிக்கொண்டு மினுங்கும் மெதுவான உருண்டைகள். முதல் தடவை குடலில் முழுதாகச் செரிக்காத சத்தும், குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய விற்றமினும் அதில் இருக்கின்றன. அதைத் தின்னாவிட்டால்தான் முயலுக்கு நோய். அந்த உருண்டைகள் நசிந்து தரையில் கிடப்பதைக் கண்டால், இனிப்பும் மாவும் கூடிப்போயிற்று என்று எடுத்துக்கொண்டு புல்லைக் கூட்டுங்கள்.

கடையில் விற்கும் இறக்குமதிக் காய்ந்த புல் விலை கூட. அது இல்லாமலே சமாளிக்கலாம். அறுகம்புல், கினிப்புல், மாடு வளர்ப்பவர்கள் நடும் சீஓ-3 புல் எல்லாமே நல்லது. நாய் நடமாடும் தெருவோரத்திலும் மருந்தடிக்கும் வயல் வரம்பிலும் மட்டும் அறுக்கவேண்டாம். ஆவணி, புரட்டாதியில் வெயில் இருக்கும்போதே புல்லை நிழலில் பரப்பி உலர்த்தி, சாக்கில் கட்டி வைத்துவிடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடைமழை தொடங்கினால் உலர்த்த வழியிருக்காது. பூஞ்சணம் பிடித்த புல்லையும், குவித்து வைத்துச் சூடேறிய ஈரப்புல்லையும் எறிந்துவிடுங்கள். புல்லுக்கு மேலே ஒரு கைப்பிடி கீரை கொடுக்கலாம். வல்லாரை, பொன்னாங்காணி, கொத்தமல்லி, செவ்வரத்தை இலை போன்றவை. புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் கொஞ்சமாக. கரட், வாழைப்பழம் எல்லாம் விரல்நுனி அளவு, எப்போதாவது. மரவள்ளி இலை, இபில்-இபில் இலை, வெங்காயம், உருளைக்கிழங்கு, அவகாடோ கொடுக்கவே கூடாது. முற்றத்தில் அலரி நின்றால் அந்தப் பக்கம் விடவேண்டாம். தண்ணீர் எப்போதும் பாரமான மண் சட்டியில் இருக்கட்டும். பிளாஸ்ரிக் கோப்பையைக் கவிழ்த்துவிடும்.

உங்கள் வீட்டு நேர ஒழுங்குக்கு முயலைப் போலப் பொருந்தும் பிராணி குறைவு. அது விடியலிலும் பின்னேரம் மங்கும் நேரத்திலும்தான் சுறுசுறுப்பு. நீங்கள் வேலையிலும் மகள் பள்ளிக்கூடத்திலும் இருக்கும் நேரம் அது தூங்கும் நேரம். குரைக்காது, ஊளையிடாது. அதற்காக அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைக்கவேண்டாம். பயந்தால் பின்னங்காலால் தரையில் டொம் என்று அடிக்கும். நம்பிக்கை வந்துவிட்டால் பொத்தென்று பக்கவாட்டில் சரிந்து படுக்கும். முதல் தடவை பார்ப்பவர் செத்துவிட்டது என்றே நினைப்பார். சந்தோஷம் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே துள்ளி, காற்றில் இடுப்பை முறுக்கி, வேறு திசையைப் பார்த்து விழும். தடவும்போது பல்லை மெதுவாக அரைத்தால் அதற்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தரம் 6 பிள்ளைக்கு இதையெல்லாம் கவனித்துக் கண்டுபிடிக்கும் வயது. முயல் வளர்ப்பில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெரிய இன்பம் அதுதான் என்பேன்.

ஒன்றை மட்டும் வாங்க முதலே மகளிடம் சொல்லிவிடுங்கள். முயலுக்குத் தூக்குவது பிடிக்காது. தூக்கியதும் பருந்து பிடித்துவிட்டதென்றே அதன் உடம்பு நினைக்கும். திமிறி உதைக்கும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும், பிறகு பின்கால் விளங்காது. காதில் பிடித்துத் தூக்குவதை இன்றும் காண்கிறேன், அது கொடுமை. தூக்கியே ஆகவேண்டும் என்றால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பக்கத்தைத் தாங்கி, உடம்போடு அணைத்து. மற்ற நேரம் மகள் தரையில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கட்டும். இரண்டு வாரத்தில் அதுவே வந்து முழங்காலில் மூக்கை வைக்கும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் இவ்வளவு தைரியமாக வாங்கச் சொல்லியிருக்கமாட்டேன்.

கணவரின் தும்மலைப் பற்றி: பூனை ஒத்துவராதவருக்கு முயலும் ஒத்துவராது என்றில்லை. ஆனால் முயலின் முடிக்கும், அதன் எச்சிலுக்கும், புல் தூசுக்கும் ஒவ்வாமை வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்க முதல், முயல் இருக்கும் யாராவது வீட்டில் அவர் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து, புல்லையும் கையால் அளைந்து பார்க்கட்டும். முடிந்தால் இரண்டு தடவை.

வயர் கடிக்கும். இதில் விதிவிலக்கே இல்லை. சார்ஜர், வைஃபை, மின்விசிறி வயர் எல்லாவற்றையும் உயரத்தில் ஏற்றுங்கள், முடியாததைக் குழாய்க்குள் விடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்துக்குச் சுற்றுவேலி மாதிரி ஒரு தடுப்பு, குறைந்தது இரண்டு மீற்றர் நீளம் ஓடக்கூடியதாக இருக்கட்டும். கம்பிவலைத் தரை வேண்டாம், பாதம் புண்ணாகிவிடும். விறாந்தையில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள், பூனையும் கீரியும் காகமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மருத்துவத்தில் மனதில் வைக்கவேண்டியது சிலதுதான். அரை நாள் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது, அன்றே மிருக வைத்தியரிடம் போகவேண்டும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலினைக் கரைத்துப் பருக்கக்கூடாது. மனிதருக்கும் நாய்க்கும் நல்ல அந்த மருந்து முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று அதையும் கொன்றுவிடும். நாய்த் தெள்ளுக்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. காதுக்குள் மண்ணிறப் பொருக்கு கட்டினால் அது சிற்றுண்ணி, கிளறாமல் கொண்டுவாருங்கள், ஊசியால் மாறும்.

வாங்கும்போது 8 வாரம் முடிந்த குட்டியாகப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குவது அழகுதான், ஆனால் அது இன்னும் பால்குடி. பின்பக்கம் காய்ந்து சுத்தமாக இருக்கிறதா, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறதா, முன்பல் மேலும் கீழும் நேராகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அங்கோரா மாதிரி நீள்முடி இனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருகோணமலைக்கு வேண்டாம், கட்டைமுடி முயலே வாங்குங்கள். பற்றைக்குள் பிடித்தது என்று யாராவது காட்டு முயல் குட்டி தந்தால் வாங்கவேண்டாம். அது வேறு இனம், வீட்டில் பழகாது, பயத்திலேயே செத்துப்போகும்.

ஆணும் பெண்ணுமாகச் சோடியாகத்தான் தருவோம் என்று சொல்வார்கள். முயலுக்குத் துணை பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் 4 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் 31 நாள்தான், குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்படவும் முடியும். வாடகை வீட்டில் அந்தக் கணக்கு தாங்காது. இரண்டு வேண்டும் என்றால் ஒரே ஈற்றுப் பெண் குட்டிகள் இரண்டு வாங்குங்கள். குட்டியில் ஆண் பெண் பார்ப்பதில் விற்பவர்களும் அடிக்கடி பிழைவிடுவதால், வாங்கிய வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். பெண் முயலுக்கு வயது போகப்போகக் கருப்பைப் புற்றுநோய் வருவது அதிகம். அதனால் கருத்தடைச் சத்திரசிகிச்சை நல்லதுதான், ஆனால் முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகியவரிடம் மட்டும் செய்யுங்கள். இங்கே அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலையில் விசாரிக்கலாம். ஒன்றே போதும் என்று முடிவெடுத்தால் தினமும் பின்னேரம் ஒரு மணித்தியாலமாவது மகள் அதோடு தரையில் இருக்கவேண்டும். பரீட்சைக் காலத்தில் அந்த ஒரு மணித்தியாலத்தை நீங்களோ கணவரோ எடுத்துக்கொள்ளவேண்டி வரும், அதை இப்போதே மூவரும் பேசிக்கொள்ளுங்கள்.