'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையில் வரும் 'டான்' வாளின் மர்மம் என்ன? ரசிகர்களின் ஊகங்களில் எதை நம்பலாம்?

தொலைக்காட்சித் தொடரை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் உங்கள்மேல் தப்பே இல்லை. தொடரில் அந்த வாளுக்கு ஒரு மரியாதையும் கிடைக்கவில்லை. 2016இல் வந்த ஆறாவது சீசனில் அந்த வாளுக்குச் சொந்தக்காரரான வீரர் ஆர்தர் டேன், வடக்கின் நெட் ஸ்டார்க்கை எதிர்த்துக் கைக்கொரு வாளாகச் சுழற்றிச் சண்டை போடுவார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல்களில் டான் (ஆங்கிலத்தில் Dawn, அதாவது விடியல்) என்பது இரண்டு கையாலும் பிடித்து வீச வேண்டிய பெரிய வாள். தொடரில் சண்டையில் தப்பிய நெட் ஸ்டார்க் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கையின் கட்டில் காலடியில் வைக்கிறார். அதோடு கதை அந்த வாளை மறந்துவிட்டது. அதனால் நாவல்களை வைத்தே பேசுகிறேன். கதை தெரிந்துவிடும் என்று பயப்படுபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லப்பட்டிருப்பது கொஞ்சம்தான். டோர்ன் பிரதேசத்தில் ஸ்டார்ஃபால் கோட்டையை ஆளும் டேன் குடும்பத்தின் சொத்து அது. விழுந்த நட்சத்திரத்திலிருந்து அடித்த வாள் என்பது குடும்பக் கதை. கூர்மையில், இந்தக் கதையுலகின் மாய எஃகான வலேரிய எஃகுக்குச் சமம். ஆனால் அந்த எஃகு கருஞ்சாம்பல், இது பால் கண்ணாடி வெளுப்பு. அப்புறம், இது அப்பாவிடமிருந்து மூத்த மகனுக்குப் போகிற வாள் இல்லை. குடும்பத்தில் தகுதியான ஒரு வீரன் வந்தால்தான் 'விடியலின் வாள்' என்ற பட்டத்தோடு அவன் கையில் கொடுப்பார்கள். ஒருவரும் தேறாவிட்டால் வாள் சும்மா கிடக்கும்.

மற்றதெல்லாம் ஊகம். எங்கள் சொந்தக்காரர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. தலவாக்கலையில் கணக்குப் படிப்பிக்கும் என் மச்சான் 'லைட்பிரிங்கர்' கட்சி. அதாவது, இருளை விரட்ட அசோர் அஹாய் என்ற வீரன் அடித்ததாகச் சொல்லப்படும் நெருப்பு வாள்தான் டான் என்கிறார். அந்தப் புராணம் உங்களுக்கு நினைவிருக்கும். முப்பது நாள் அடித்துத் தண்ணீரில் முக்கினான், உடைந்தது. ஐம்பது நாள் அடித்துச் சிங்கத்தின் நெஞ்சில் செருகினான், அதுவும் உடைந்தது. கடைசியில் நூறு நாள் அடித்துத் தன் மனைவி நிஸ்ஸா நிஸ்ஸாவின் நெஞ்சில் செருகினான். மச்சானின் வாதம் எளிது: விடியல் என்ற பெயர், வெளிச்சம் கொண்டுவரும் வாள், இரண்டும் ஒன்றுதானே? கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் லைட்பிரிங்கருக்குப் புத்தகம் வைத்திருக்கும் பரீட்சை வெளிச்சம் அல்ல, சூடு. தன் வாள்தான் லைட்பிரிங்கர் என்று காட்டிக்கொள்ளும் ஸ்டானிஸ் மன்னனின் வாள் பளபளவென்று மின்னுவதைக் கேட்ட கண் தெரியாத ஏமன் கிழவர், அதில் சூடு இருந்ததா என்றுதான் விசாரிக்கிறார். இல்லை என்றதும் அவருக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. கதையின் நாயகர்களில் ஒருவனான ஜான் ஸ்னோ படிக்கும் பழைய ஏட்டிலும் அசோர் அஹாயின் வாள் சண்டையில் கொதித்ததாக வருகிறது. ஆர்தர் டேன் எத்தனையோ சண்டையில் டானை வீசியிருக்கிறார். ஒரு தடவைகூட அது சுட்டதாக யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது கட்சி என் தம்பியுடையது. எனக்கும் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் சாய்வு இருந்தது. டான்தான் ஸ்டார்க் குடும்பத்தின் ஆதி 'ஐஸ்' வாள் என்பது அதன் சாரம். நெட் ஸ்டார்க்கிடம் இருந்த ஐஸ் நானூறு வருடப் பழமையான வலேரிய வாள், ஆனால் அந்தப் பெயர் வாளைவிட எத்தனையோ மடங்கு பழையது என்று முதல் புத்தகத்திலேயே வருகிறது. அப்படியானால் முதலில் அந்தப் பெயரைச் சுமந்த வாள் எங்கே போனது? இங்கேதான் மார்ட்டின் ஒரு குறும்பு செய்திருக்கிறார். நெட்டின் கனவில் டான் பால் கண்ணாடி போல வெளுத்து, ஒளி உயிரோடு ததும்புவதாக வருகிறது. முதல் புத்தகத்தின் முன்கதையில், வட எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மனிதரல்லாத எதிரியான பனி மனிதனின் பளிங்கு வாளிலும் நிலா வெளிச்சம் அதே மாதிரி உயிரோடு இருக்கிறது. மூன்றாவது புத்தகத்தில் ஜானின் நண்பன் சாம் ஒரு பனி மனிதனைக் குத்தியதும் அவன் உருகுகிறான். உள்ளே தெரியும் எலும்புக்கும் அதே பால் கண்ணாடி உவமைதான். இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவர் இதைத் தற்செயலாகச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஆனாலும் மச்சானை மடக்கிய அதே கேள்வி தம்பியையும் மடக்குகிறது. பனி மனிதர்களின் வாள் பட்டால் சாதாரண இரும்பு குளிரில் நொறுங்கும். டானை நெட் தன் கையாலேயே ஸ்டார்ஃபாலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அது சில்லிட்டதாக ஒரு சொல் இல்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை. போதாததற்கு, ஸ்டார்க்குகள் வடக்கின் உச்சி, டேன்கள் தெற்கின் அடி. வாள் எப்படி இங்கிருந்து அங்கே போனது என்று கேட்டால் தம்பி சிரித்து மழுப்புகிறான்.

டேன்கள் கிழக்கே அழிந்துபோன 'விடியலின் பேரரசு' வழிவந்தவர்கள் என்ற மூன்றாவது ஊகத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. 2014இல் வந்த துணை நூலில் அந்தப் பேரரசைப் பற்றிச் சில பக்கங்கள் இருக்கின்றன. அதிலிருந்து ஒரு முழு வம்சாவளியையே இழுப்பது ரொம்ப அதிகம்.

நட்சத்திரக் கல்லால் வாளுக்குத் தனிச் சக்தி வந்தது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிஜத்தில் விண்கல் இரும்பில் கத்தி செய்திருக்கிறார்கள். எகிப்து மன்னன் துட்டன்காமூனின் குறுவாள் அப்படித்தான்; அதில் சுமார் 11 சதவீதம் நிக்கல் இருப்பதை 2016இல் ஆராய்ந்து சொன்னார்கள். ஆனால் அது வெள்ளையும் இல்லை, நல்ல எஃகைவிடக் கூர்மையும் இல்லை. அதிசய எஃகுக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. எங்கள் மலை இறங்கும் பக்கம், பலாங்கொடைக்கு அருகே சமனலவெவயில், 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கியிருக்கிறார்கள். உலைகளை மேற்குப் பார்த்த சரிவுகளில் கட்டி, பருவக்காற்றையே துருத்தியாக்கிக்கொண்டார்கள். ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அதே மாதிரி உலை கட்டி எரித்துப் பார்த்தபோது கரிமம் கூடிய எஃகு கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' இதழில் அது வந்தது. அப்புத்தளைப் பக்கம் ஆடிக் காற்றில் நடந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். வாள் எதனால் ஆனது என்று எல்லோரும் மண்டையை உடைக்கிறோம். கதை நம்மைப் பார்க்கச் சொல்வது அதை யார் தூக்கலாம் என்பதை.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு மேலே ஒரு முனியாண்டி கோயில். அங்கே ஆள் உயர அரிவாள் ஒன்று நட்டிருக்கும். பிடிக்குக் கீழே சிவப்புத் துணி, நுனியில் குத்திய எலுமிச்சம்பழம், வருடா வருடம் பூசிய குங்குமம் காய்ந்து இரும்போடு ஒட்டிப்போயிருக்கும். முதல் கங்காணி மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தபோது தோளில் சுமந்து வந்தது என்பார் ஒருவர். காடு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது என்பார் இன்னொருவர். அடித்தது இந்தத் தோட்டத்து ஆசாரிதான் என்று அப்பாயி முணுமுணுக்கும். ஆனால் திருவிழா அன்று அதைப் பிடுங்குவது யார் என்பதில் மட்டும் விவாதம் கிடையாது. சாமி யார்மேல் வருகிறதோ அவர். பூசாரியின் மகன் என்றாலும், தலைவரின் மகன் என்றாலும் தொட முடியாது.

டானும் அந்த வகைதான். அதனால்தான் டார்க்ஸ்டார் என்கிற ஜெரால்ட் டேன் எனக்கு முக்கியமாகப் படுகிறான். ஆர்தர் பெரிய வீரன் என்று ஒருவர் சொல்ல, அவனிடம் இருந்தது பெரிய வாள் என்று கசப்போடு திருப்பிக் கொடுக்கிறான். கிளைக் குடும்பத்தில் பிறந்தவன், தகுதி இருந்தும் மறுக்கப்பட்டதாக நினைப்பவன். வாளை அவன் திருடுவான் என்ற ஊகத்தை நான் முழுதாக நம்புகிறேன். நான்காம் புத்தகத்தில் இளவரசி மிர்செல்லாவை வெட்டிவிட்டு ஓடியவனைத் தேடி ஆள் போகிறது. வாள் இருக்கும் மலைப் பக்கமாகத்தான் கதை நகர்கிறது.

நெட் அந்த வாளை என்ன செய்தார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தன்னைக் கொல்லப் பார்த்தவனின் வாளை அவன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். வென்றவர்கள் அப்படிச் செய்வது எவ்வளவு அபூர்வம் என்று நமக்குத் தெரியும். கண்டியிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்ட பொன் வாளும் வெள்ளி வாளும் 2023 கடைசியில்தான் கொழும்புக்குத் திரும்பின.

ஆகவே என் பந்தயம் இது. முதலில் டார்க்ஸ்டார் எடுப்பான். கடைசியில் அது எட்ரிக் டேனிடம் போகும், ஸ்டார்ஃபாலின் சின்னப் பிரபு. அவன் ஜான் ஸ்னோவோடு ஒரே செவிலியிடம் பால் குடித்தவன், பெயரைச் சுருக்கினால் அவனும் ஒரு நெட். ஜானுக்குத்தான் போகும் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் டேன் இரத்தம் இல்லாதவனுக்குக் கொடுத்தால் மார்ட்டின் தான் போட்ட விதியைத் தானே உடைத்ததாகிவிடும். ஐந்தாம் புத்தகம் வந்தது 2011இல். ஆறாவது வரும்வரை மச்சானும் தம்பியும் நானும் ஆளுக்கொரு கொத்து ரொட்டி பந்தயம் கட்டியிருக்கிறோம். நீங்களும் சேரலாம், எந்தக் கட்சி என்று மட்டும் எழுதுங்கள்.