ஐப்பசியில் கொடைக்கானல், இரண்டு வாண்டுகளோடு

ஐப்பசி மழையில் நாலு வயசு, ரெண்டு வயசுப் பிள்ளைங்களோட கொடைக்கானல் வந்தால் அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கணுமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாங்க, தாராளமா வெளியே விடுங்க. பருவமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் பிடிக்கும், அதனால காலையிலேயே கிளம்பிடுங்க.

மலை விளிம்பை ஒட்டிப் போற நடைபாதையான கோக்கர்ஸ் வாக் சுமார் 1 கிலோமீட்டர்தான், சின்னக் கால் தாங்கும். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வர்றதைப் பார்த்துட்டு என் மகள் அரைமணி நேரம் கம்பியை விடவே இல்லை. அவசரப்படுத்தாதீங்க, அதுக்குத்தானே வர்றோம்! பிரையண்ட் பூங்காவில் உதிர்ந்த இலை, பூவெல்லாம் பொறுக்க ஆளுக்கொரு துணிப்பை கொடுங்க.

ஸ்வெட்டரைவிட மாத்து சாக்ஸ் முக்கியம். கால் நனைஞ்சா குளிர்ல அழுகைதான். சோலைக்காட்டுப் பக்கம் கால்ல அட்டைப்பூச்சி ஏறும், சின்னவரைத் தூக்கிக்கோங்க. கொடைக்கானலுக்குள்ள வர வண்டிக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) முன்னாடியே எடுத்துடுங்க.